காணவில்லை என்றால் இல்லை என்பதா?
கட்டளை வரியில் கோப்புகளைப் பட்டியலிடுதல்

இந்த இதழுக்கு வந்த ஆக்கங்களை எல்லாம் டைப் செய்து ஒரே பென் ட்ரைவில் சேர்த்து வைத்திருந்தோம். கவிதை, சிறுகதை, கட்டுரை என்று 38 கோப்புகள். இரண்டு பக்கங்களை அச்செடுத்துப் பார்ப்பதற்காக அதை வெளியே ஒரு கடைக் கணினியில் செருகினோம். மறுநாள் எமது கணினி ஆய்வுகூடத்தில் செருகியபோது, வைரஸ் தடுப்பு மென்பொருள் எச்சரிக்கை ஒன்றைக் காட்டிவிட்டுச் சில கோப்புகளை அழித்தது. அதன் பிறகு பென் ட்ரைவைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை.

தரம் 8இல் படிக்கும் தங்கை ஒருத்தி தன் உம்மும்மாவைப் பற்றி ஒரு கவிதை தந்திருந்தாள். கொப்பியிலிருந்து கிழித்துத் தந்த தாள் அது. கைமாறிக் கைமாறி அந்தத் தாளும் எங்கோ தொலைந்திருந்தது. அவளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நாங்கள் நின்றோம்.

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் டீச்சர் வந்து பார்த்தார். "அழிஞ்சி போச்செண்டு யாரு சொன்ன? எவ்வளவு இடம் நிரம்பியிருக்கெண்டு முதல்ல பாருங்க" என்றார். பார்த்தோம். வெறுமையாகத் தெரிந்த பென் ட்ரைவில் இடம் முன்போலவே நிரம்பியிருந்தது! பிறகு அவர் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து சில எழுத்துகளைத் தட்டினார். அன்று அவரிடம் கற்றதையும், பின்னர் தேடி அறிந்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கறுப்புத் திரை

நாம் வழமையாகச் சுட்டியால் படங்களைச் சொடுக்கிக் கணினியை இயக்குகிறோம். அது வரைவியல் பயனர் இடைமுகம். கட்டளைகளை எழுத்தில் தட்டி இயக்குவது கட்டளை வரி இடைமுகம். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுத்தால் கறுப்புத் திரை திறக்கும். பென் ட்ரைவின் எழுத்து ஈ என்றால், அவ்வெழுத்தையும் முக்காற்புள்ளியையும் தட்டி என்டர் கொடுக்க, நாம் பென் ட்ரைவுக்குள் போய்விடுவோம்.

(இக்கட்டுரையில் ஆங்கில எழுத்துகளின் ஒலியைத் தமிழில் தருகிறேன். விசைப்பலகையில் உரிய ஆங்கில எழுத்துகளையே தட்டுங்கள்.)

டிர் என்ற கட்டளை

டி, ஐ, ஆர் என்ற மூன்று எழுத்துகளே இக்கட்டளை. அடைவு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். 1981இல் ஐபிஎம் தனது தனியாள் கணினியை வெளியிட்டபோது அதனோடு வந்த டொஸ் பணிசெயல் முறைமையிலேயே இக்கட்டளை இருந்தது. இன்றைய விண்டோஸிலும் இருக்கிறது.

டிர் என்று தட்டினால் ஒவ்வொரு கோப்பும் ஒரு வரியாக வரும். கடைசியாக மாற்றப்பட்ட திகதி, நேரம், பருமன் பைற்றில், பெயர் என்பன அவ்வரியில் இருக்கும். கோப்புறையாயின் பருமனுக்குப் பதிலாக, கோண அடைப்புக்குள் டிஐஆர் என்று காணப்படும். அடியில் கோப்புகளின் எண்ணிக்கையும் மீதமுள்ள இடமும் வரும். இக்கட்டளையோடு ஆளிகள் சிலவற்றைச் சேர்க்கலாம்:

டிர் /பி – பெயர்களை மட்டும் காட்டும்.
டிர் /ஓ-டி – கடைசியாக மாற்றியதை முதலில் காட்டும்.
டிர் /ஓ-எஸ் – பருமனில் பெரியதை முதலில் காட்டும்.
டிர் /எஸ் – உள்ளே இருக்கும் கோப்புறைகளையும் திறந்து காட்டும்.
டிர் /ஏ – மறைக்கப்பட்டவை உட்பட எல்லாவற்றையும் காட்டும்.

எமக்கு உயிர் கொடுத்தது கடைசி வரிதான். டீச்சர் முதலில் டிர் என்று மட்டும் தட்டினார். 'கோப்பு காணப்படவில்லை' என்று பொருள்படும் ஆங்கில வரி ஒன்று வந்தது. அடுத்து டிர் /ஏ என்று தட்டினார். எமது கோப்புகள் வரிசையாக வந்தன. தங்கையின் கவிதையும் இருந்தது. அவற்றோடு நாங்கள் உருவாக்காத, பெயர் விளங்காத கோப்பொன்றும் இருந்தது.

நடந்தது என்ன? ஒவ்வொரு கோப்புக்கும் சில பண்புகள் உண்டு. அவற்றுள் 'மறைந்தது', 'முறைமைக்குரியது' என்பன இரண்டு. இப்பண்புகளைப் பெற்ற கோப்புகளை டிர் கட்டளை தானாகக் காட்டாது. பென் ட்ரைவில் பரவும் வைரஸ் வகையொன்று எமது கோப்புகளுக்கு இவ்விரு பண்புகளையும் கொடுத்துவிட்டு, அதே பெயர்களில் போலிக் குறுக்குவழிகளை வைக்கும். அவற்றைச் சொடுக்கினால் வைரஸ் இயங்கும். தடுப்பு மென்பொருள் அழித்தது அந்தப் போலிகளை. உண்மையானவை இருந்த இடத்திலேயே இருந்தன.

அவற்றை மீண்டும் வெளியே கொண்டுவர அட்ரிப் என்ற கட்டளை உதவியது:

அட்ரிப் -எஸ் -எச் /எஸ் /டி *.*

எஸ் முறைமைப் பண்பு, எச் மறைவுப் பண்பு. கழித்தல் குறி அவற்றை நீக்கச் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாக நீக்க வேண்டும். முறைமைப் பண்பு இருக்கும்போது மறைவை மட்டும் நீக்க முடியாது. /எஸ், /டி என்பன உட்கோப்புறைகளுக்கும் இதைச் செய்யச் சொல்கின்றன. இதை உங்கள் பென் ட்ரைவில் மட்டுமே செய்யுங்கள். கணினியின் சி ட்ரைவில் பல கோப்புகள் காரணத்தோடுதான் மறைக்கப்பட்டுள்ளன. நீங்கள் உருவாக்காத கோப்பு ஏதும் தெரிந்தால் அதைத் திறக்க வேண்டாம்.

புள்ளியில் தொடங்கும் பெயர்கள்

லினக்ஸில் இதே வேலையைச் செய்வது எல், எஸ் என்ற இரண்டே எழுத்துகள். யுனிக்ஸ் பணிசெயல் முறைமையின் 1971ஆம் ஆண்டுக் கைந்நூலிலேயே இக்கட்டளை உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸை உருவாக்கிய காலத்தில், விநாடிக்குப் பத்து எழுத்து வேகத்தில் தாளில் அச்சிடும் டெலிடைப் இயந்திரங்களே பாவனையில் இருந்தன. கட்டளைகள் இவ்வளவு குறுகியிருப்பது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஒவ்வொரு அடைவிலும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்ற இரு பெயர்கள் இருக்கும். முதலாவது அந்த அடைவையும், இரண்டாவது அதன் மேலடைவையும் குறிக்கும். பட்டியலில் அவை தேவையில்லை என்று கருதி, பெயரின் முதலெழுத்து புள்ளியாயின் விட்டுவிடும்படி எல்எஸ் நிரலை எழுதினர். அதனால் புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயர்களும் பட்டியலிலிருந்து மறைந்தன. இது திட்டமிடாமல் நேர்ந்த தவறு என்று அதே ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ரொப் பைக் எழுதியிருக்கிறார். அந்தத் தவறே இன்று வழக்கமாகிவிட்டது. எல்எஸ் -ஏ என்று தட்டினால் அவையும் தெரியும். எல்எஸ் -எல் என்று தட்டினால் உரிமையாளர், பருமன், திகதி முதலிய விபரங்கள் வரும்.

மறைத்தல் வேறு, பூட்டுதல் வேறு

எமது அன்ட்ரொயிட் தொலைபேசிகள் லினக்ஸ் கருவின் மீதே இயங்குகின்றன. அங்கும் பெயருக்கு முன் புள்ளியிட்டுக் கோப்புறையை மறைக்கலாம். இதை நம்பித் தமது சொந்தப் புகைப்படங்களை வைத்திருக்கும் தோழிகள் உண்டு. அவர்களுக்காக ஒரு வார்த்தை: பட்டியலில் தெரியாமல் இருப்பது பாதுகாப்பு ஆகாது. தொலைபேசி எவருடைய கையில் கிடைத்தாலும், மறைந்தவற்றைக் காட்டும் ஒரு தெரிவைச் சொடுக்கினால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். பாதுகாக்க வேண்டியதைக் கடவுச்சொல்லாலும் மறைகுறியாக்கத்தாலும் பூட்ட வேண்டும்.

ஆகவே இப்பாடம் இரண்டு பக்கமும் பேசுகிறது. காணவில்லை என்பதற்காக எமது கோப்பு அழிந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. காணவில்லை என்பதற்காக எமது இரகசியம் பத்திரமாக இருக்கிறது என்றும் நம்பக் கூடாது.

செய்து பாருங்கள்

1. உங்கள் பென் ட்ரைவில் டிர், டிர் /ஏ இரண்டையும் தட்டி, கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் ஏன் என்று கண்டறியுங்கள்.

2. டிர் /பி என்று தட்டி, அதன் பின் > குறியிட்டு ஒரு கோப்புப் பெயரைக் கொடுங்கள். பட்டியல் திரையில் வராமல் அக்கோப்பில் எழுதப்படும்.

எமது இதழ்க் குழு இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரண்டாவது பயிற்சியைச் செய்து, பட்டியலை அச்செடுத்துக் கோவையில் வைக்கிறது. ஆக்கங்களின் பிரதியொன்று வேறொரு கணினியிலும் இருக்கிறது. தங்கையின் கவிதையை இவ்விதழில் நீங்கள் வாசிக்கலாம்.