வேகம் குறைந்தது ஏன்? வரைகலை அட்டை இணைப்பு குறித்து ஓர் ஆய்வு

கணிப்பொறித் திரையில் நாம் காணும் எழுத்தும் ஓவியமும் அசையும் படமும் வரைகலை அட்டையின் ஆக்கங்களாகும். கிராபிக்ஸ் கார்டு எனக் கடைவீதியில் வழங்கும் இவ்வட்டை, மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையின் நீண்ட செருகுவாயில் பொருந்துகிறது. இணைப்பின் வேகம் குறைந்துள்ளதெனச் சோதனை மென்பொருள் காட்டியதும், அட்டை பழுதென முடிவுகட்டிப் புதியது வாங்க முனைவோர் உளர். பெற்றோர் பாடுபட்டுச் சேர்த்த பல்லாயிரம் ரூபாய் வீணாகுமுன் காரணத்தை ஆராய்தல் கடன்.

இணைப்பின் இயல்பு

இவ்விணைப்பு முறைக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று பெயர். இதன் வேகத்தை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன. ஒன்று, தரவு செல்லும் பாதைகளின் எண்ணிக்கை, மற்றொன்று, தலைமுறை. 2010இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறையில் 16 பாதைகள் இயங்கினால் ஒரு திசையில் வினாடிக்கு ஏறத்தாழ 16 ஜிகாபைட் தரவு செல்லும். 4 பாதைகளாயின் 4 ஜிகாபைட் மட்டுமே. 2017இல் வந்த நான்காம் தலைமுறை இதனை இருமடங்காக்கியது. கணிப்பொறி தொடங்கும்போது அட்டையும் பலகையும் தம்முள் ஒத்துப்பார்த்து, இரண்டிற்கும் இயன்ற அளவிலேயே இணைகின்றன. ஆதலின் புதிய அட்டையைப் பழைய பலகையில் பொருத்தினால் பழையதன் வேகமே கிட்டும். இது பழுதன்று.

ஆராயும் முறை

முதலாவது, அட்டை ஓய்விலிருக்கும்போது அளவிடலாகாது. வேலையற்ற நேரத்தில் மின்சாரத்தைச் சேமிக்க, அட்டை தானே முதல் தலைமுறை வேகத்திற்கு இறங்கிவிடும். ஜிபியு-இசட் என்னும் மென்பொருளில் உள்ள சோதனையை ஓடவிட்டு, அட்டைக்கு வேலை கொடுத்துப் பார்த்தல் வேண்டும். அப்போது எண் உயர்ந்தால் குறையொன்றுமில்லை.

இரண்டாவது, அட்டையின் இயற்கை வரம்பை அறிதல் வேண்டும். ரேடியான் ஆர்எக்ஸ் 6600 போன்றவை 8 பாதைகளே உடையன. அவற்றில் 16 தேடுதல் வீண்.

மூன்றாவது, செருகுவாயைக் காண்க. தோற்றத்தில் நீண்டிருப்பினும் இரண்டாம் செருகுவாய்க்குப் பல பலகைகளில் 4 பாதைகளே உண்டு. பெரும்பாலும் செயலிக்கு அருகிலுள்ள முதல் வாயே உரிய இடம். சில பலகைகளில் எம்.2 சேமிப்பகத்தைக் குறிப்பிட்ட இடத்தில் பொருத்தினால் 16 பாதைகள் 8 ஆகும். பலகையின் கையேடு இதனைத் தெளிவாக உரைக்கும்.

நான்காவது, தொடர்பு முனைகளில் படிந்த தூசும், அட்டை சரிந்து நிற்றலும் பாதைகளைக் குறைக்கும். மின்னிணைப்பை அகற்றி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கியபின், தாழை விடுவித்து அட்டையை எடுக்க. பொன்னிற முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்ந்த மென்துணியால் துடைத்து, உலர்ந்தபின் தாழ் விழும்வரை சீராக அழுத்துக.

ஐந்தாவது, பயாஸ் அமைப்பில் தலைமுறை குறைத்து வைக்கப்பட்டுள்ளதா எனக் காண்க. இருப்பின் தானியங்கு நிலைக்கு மாற்றுக. ஆயின் மூன்றாம் தலைமுறைக்குரிய ரைசர் கேபிள் வழியே நான்காம் தலைமுறை அட்டை இணைந்திருப்பின், மூன்றாம் தலைமுறையையே தேர்ந்து வைத்தல் அறிவுடைமை. இல்லையேல் திரை இருளவும் கூடும்.

இவ்வைந்தும் செய்தபின்னும் குறை நீங்காவிடில், அட்டையை வேறொரு கணிப்பொறியில் பொருத்திப் பார்க்க. அங்கே சரியாக இயங்கினால் குறை பலகையினது. அங்கும் இயங்காவிடிலே அட்டையை ஐயுற இடமுண்டு. நோயெனத் தோன்றியது வெறும் ஓய்வாகவும் இருக்கலாம் என்பதை மாணவர் நெஞ்சிற்கொள்க.