பூக்காத ஓர்கிட்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வாங்கி வந்த நாளில் பூவோடு இருந்த செடி, அந்தப் பூ கொட்டியதோடு சரி. அதன்பின் வெறும் இலைதான். ஓர்கிட் வளர்க்கும் மாத்தளை வீடுகளில் அடிக்கடி கேட்கும் குறை இது. கைராசி இல்லை என்று செடியை அயல்வீட்டுக்குக் கொடுத்துவிடுவோரும் உண்டு. பூக்காததற்குக் காரணம் கைராசியல்ல. டென்ட்ரோபியம் என்ற ஓர்கிட் வகைக்கு வேண்டியது ஒன்று, பலனொப்சிஸ் என்ற வகைக்கு வேண்டியது வேறு. எல்லாவற்றையும் ஒரே மூலையில் தொங்கவிட்டு ஒரே மாதிரிக் கவனிப்பதால்தான் சிக்கல் வருகிறது.

நம்பிக்கை: ஓர்கிட் காட்டுச்செடி; நல்ல நிழலில் வைக்க வேண்டும்.

உண்மை: காட்டில் பல ஓர்கிட்கள் மரத்தின் மேலே ஏறி இருப்பதே வெளிச்சத்துக்காகத்தான். மரத்தின் சாற்றை அவை உறிஞ்சுவதில்லை. மரம் அவற்றுக்கு இருக்க இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். வெளிச்சம் போதுமா என்பதை இலையின் நிறமே சொல்லிவிடும். இலை கரும்பச்சையாகக் கொழுத்திருந்தால் பார்க்க அழகுதான், ஆனால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். இளம்புல் நிறமாக இருந்தால் சரி. மஞ்சளடித்துச் சிவப்பேறினால் வெயில் கூடிவிட்டது. டென்ட்ரோபியத்துக்கும் வண்டா என்ற வகைக்கும் காலை வெயில் படவேண்டும். உச்சிவெயிலுக்கு மட்டும் நிழல் வலை கட்டினால் போதும். அகன்ற இலையுள்ள பலனொப்சிஸ்தான் குறைந்த வெளிச்சத்திலும் சமாளிக்கும்.

நம்பிக்கை: குளிர் இருந்தால்தான் ஓர்கிட் பூக்கும், தம்புள்ளைப் பக்கம் சரிவராது.

உண்மை: இது பலனொப்சிஸுக்குப் பொருந்தும். வெப்பநிலை இடைவிடாமல் 28 பாகை செல்சியஸுக்கு மேல் நின்றால் அது இலையை மட்டுமே விட்டுக்கொண்டிருக்கும். சில வாரங்களுக்கு இரவு 20 பாகையை ஒட்டி இறங்கினால் பூந்தண்டு எட்டிப்பார்க்கும். மாத்தளை நகரில் மார்கழி, தை இரவுகள் அந்த வேலையைச் செய்துவிடும். இரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் பக்கம் கேட்கவே வேண்டாம். தம்புள்ளையில் இருப்பவர்கள் பலனொப்சிஸோடு மல்லுக்கட்டாமல் கலப்பின டென்ட்ரோபியத்தையோ வண்டாவையோ வளர்க்கலாம். வண்டா டெசலாட்டா என்ற இனம் நமது உலர் வலயத்திலேயே இயற்கையாக வளர்வது.

நம்பிக்கை: இலை கொட்டிய பழைய தண்டு செத்துவிட்டது, வெட்டி எறிய வேண்டும்.

உண்மை: டென்ட்ரோபியத்தின் அந்த மொட்டைத் தண்டில்தான் நீரும் உணவும் சேமிப்பில் இருக்கின்றன. புதுத் தளிருக்கு அதுதான் சோறு போடுகிறது. சில வேளை அதிலிருந்தே மறுபடியும் பூக்கும். சுருங்கிப் பழுப்பு நிறமாகி, அமுக்கினால் பொக்கென்று போகும் தண்டை மட்டும் வெட்டுங்கள்.

நம்பிக்கை: தினமும் தண்ணீர் ஊற்றி, பூக்கும் பசளையை அள்ளிப் போட்டால் பூக்கும்.

உண்மை: முதலில் வேரைப் பாருங்கள். காய்ந்த வேர் வெள்ளி நிறத்தில் இருக்கும். தண்ணீர் பட்டதும் கண்ணெதிரே பச்சையாக மாறும். வெளியே தெரியும் அந்தப் பஞ்சு போன்ற உறைதான் நீரை உறிஞ்சிப் பிடிக்கிறது. பச்சை மாறாத வேருக்கு மேலும் ஊற்றினால் அழுகும். மண் வேண்டாம், பொச்சுத் துண்டும் கரியும் போதும். பொச்சு நீரைப் பிடித்து வைக்கும் என்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சட்டியைக் கூரைக்குள் எடுத்துவிடுவது நல்லது. பொஸ்பரசு கூடிய பசளை, வெளிச்சம் இல்லாத செடியைப் பூக்க வைக்காது. சாதாரணப் பசளையை நன்றாக ஐதாக்கி, வளரும் காலத்தில் வாரம் ஒருமுறை தெளித்தாலே போதும்.

நம்பிக்கை: மழை கொட்டினால் ஓர்கிட் பூத்துவிடும்.

உண்மை: எல்லா ஓர்கிட்டும் அப்படியில்லை, ஆனால் ஒன்று உண்டு. வெள்ளைப் புறா போலப் பூக்கும் டென்ட்ரோபியம் குருமினாட்டம், திடீர் மழையால் வெப்பம் 5 பாகை அளவுக்குச் சட்டென்று இறங்கினால், ஏறத்தாழ ஒன்பதாம் நாள் பூக்கும். ஊரில் உள்ள அந்த இனச் செடிகளெல்லாம் ஒரே நாளில் பூக்கும்; பூக்கள் அன்றே வாடிவிடும்.

நம்பிக்கை: வனிலா வாசனைப் பயிர், ஓர்கிட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உண்மை: மாத்தளை வாசனைத் திரவியத் தோட்டங்களில் கம்பத்தைச் சுற்றிப் படரும் வனிலாவும் ஓர்கிட்தான். கொடியை மேலே மேலே ஏறவிட்டால் பூக்கத் தயங்கும். மடித்துக் கீழே தொங்கவிட வேண்டும். பூ ஒரு காலைப்பொழுதுதான் விரியும். அதற்குள் கையால் மகரந்தம் சேர்க்காவிட்டால் காய் கிடையாது. அந்த எளிய முறையை 1841இல் ரியூனியன் தீவில் கண்டுபிடித்தவர் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன்.

நம்பிக்கை: நக்கிள்ஸ் காட்டுச் செடியைக் கொண்டுவந்தால் வீட்டில் நன்றாகப் பூக்கும்.

உண்மை: அது பாதுகாக்கப்பட்ட வனம், செடியைப் பிடுங்குவது குற்றம். உயரத்தின் ஈரத்துக்கும் குளிருக்கும் பழகிய செடி நகரத்து வெக்கையில் நின்றுபிடிப்பதும் அரிது. நாற்றுமேடையில் வளர்ந்த செடியையே வாங்குங்கள். விலையைக் கேட்கும்போதே இனத்தையும் கேட்டு, சட்டியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தொங்கவிடுவது என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.