கைபேசிப் பணமும் கென்ய வாழ்க்கையும்

கேள்வி: கைபேசி வழிப் பணப் பரிமாற்றம் கென்யாவில் மக்கள் வாழ்க்கையை எப்படி மாற்றியது?

பதில்: கென்யாவில் சஃபாரிகாம் நிறுவனம் 2007 மார்ச்சில் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையைத் தொடங்கியது. அப்போது பெரும்பாலோருக்கு வங்கிக் கணக்கு கிடையாது. நைரோபியில் உழைத்தவர்கள் பேருந்து ஓட்டுநரிடமோ ஊருக்குப் போகும் உறவினரிடமோ பணத்தைக் கொடுத்தனுப்பினார்கள். அது போய்ச் சேரத் தாமதமாகும். வழியில் களவு போவதும் உண்டு.

எம்-பெசாவுக்கு இணையமோ விலையுயர்ந்த கைபேசியோ தேவையில்லை. முகவராக இருக்கும் பெட்டிக்கடையில் ரொக்கத்தைக் கொடுத்தால், அந்தத் தொகை கைபேசிக் கணக்கில் ஏறும். ரகசிய எண்ணை இட்டு எவருக்கும் அனுப்பலாம். பெறுபவர் அடையாள அட்டையைக் காட்டி, தம் ஊர் முகவரிடம் ரொக்கமாக வாங்கிக்கொள்வார்.

இதன் விளைவுகள் ஆழமானவை. பயிர் பொய்த்தாலோ நோய் வந்தாலோ தொலைவிலுள்ள உறவினரின் உதவி உடனே கிடைக்கிறது. கல்யாணத்துக்கும் இறுதிச் சடங்குக்கும் ஊர்கூடிப் பணம் திரட்டும் 'ஹராம்பே' மரபும், 'சாமா' எனப்படும் சேமிப்புக் குழுக்களும் கைபேசிக்கு வந்துவிட்டன. தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் ஆகிய பொருளியலாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 1,94,000 குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து மீண்டதாக மதிப்பிட்டது. பெண்கள் தலைமையிலான குடும்பங்களே அதிகப் பயன் பெற்றன. பல பெண்கள் விவசாயத்திலிருந்து வியாபாரத்துக்கு மாறினர்.

பாதகங்களும் உண்டு. நொடியில் கிடைக்கும் கைபேசிக் கடன் பலரைக் கடனாளி ஆக்கியிருக்கிறது. போலிக் குறுஞ்செய்தி மோசடிகளும் பெருகியுள்ளன. நுகர்வோரைக் காக்கும் சட்டங்கள் இச்சேவையுடன் சேர்ந்தே வளர வேண்டியது அவசியம்.