பள்ளிவாசலுக்கு கேஸ் ஹீட்டர்: வைக்கும் முன் அறிய வேண்டியவை



மார்கழி, தை மாதங்களில் நம் நீலகிரியில் ஃபஜ்ருக்கு வருபவர்களுக்கு ஹவுள் தண்ணீரில் கை வைப்பதே ஒரு சோதனைதான். ஊட்டியில் சில இரவுகளில் குளிர் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி இறங்குகிறது. முதியவர்களும் நோயாளிகளும் உளூவுக்கு வெந்நீர் கேட்பது நியாயமான தேவை. இதை உணர்ந்து, மறைந்த பெற்றோரின் பெயரால் ஸதகா ஜாரியாவாகப் பள்ளிவாசலுக்கோ, மதரஸா விடுதிக்கோ, மய்யித்துக் குளிப்பாட்டும் அறைக்கோ கேஸ் ஹீட்டர் வாங்கித் தரக் குடும்பங்கள் முன்வருகின்றன. அல்லாஹ் அவர்களின் எண்ணத்தை ஏற்றுக்கொள்வானாக.

ஆனால் ஹீட்டரை வாங்கித் தருவதோடு வேலை முடிவதில்லை. அதை எங்கே வைப்பது, யார் பார்த்துக்கொள்வது என்ற இரண்டையும் முடிவு செய்யாமல் மாட்டிவிட்டால், நன்மைக்காக வந்த பொருளே உயிருக்கு ஆபத்தாக முடியும்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

கேஸ் ஹீட்டர் என்றதும் சிலிண்டர் வெடிக்குமோ என்றுதான் எல்லோரும் அஞ்சுகிறோம். அந்த அச்சம் தேவைதான். ஆனால் அதைவிட ஓசையில்லாத ஆபத்து ஒன்று உண்டு. கேஸ் எரியக் காற்று வேண்டும். மூடிய அறையில் காற்று போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, வாடையில்லை. கசிவை நாம் அறிவதற்காகச் சமையல் கேஸில் வாடையுள்ள பொருளைக் கலக்கிறார்கள். எரிந்தபின் வரும் இந்த நச்சுக்கு அப்படி எந்த அடையாளமும் கிடையாது. நம் இரத்தத்தில் பிராணவாயு சேர வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இது ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தலைசுற்றல், மயக்கம். உள்ளே இருப்பவருக்கு எழுந்து கதவைத் திறக்கும் சக்திகூட இருக்காது.

மய்யித்துக் குளிப்பாட்டும் அறையை நினைத்துப் பாருங்கள். அவ்ரத்தைப் பேண வேண்டும் என்பதற்காகக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். நான்கைந்து பேர் உள்ளே அரை மணி நேரம் நிற்கிறார்கள். அந்த அறைக்குள்ளேயே கேஸ் ஹீட்டர் எரிந்தால் என்ன ஆகும்? வீட்டுக் குளியலறைக்கும் இதே நிலைதான்.

இடத்தை முதலில் தீர்மானியுங்கள்

ஹீட்டர் கட்டடத்துக்கு வெளியே, மழைபடாத கூரையின் கீழ், காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். வெந்நீர் மட்டும் குழாய் வழியாக உள்ளே வரட்டும். வெளியே இடமில்லாமல் தனி அறையில் வைக்க நேர்ந்தால், புகைக்குழாய் கூரைக்கு மேல் திறந்த வெளிக்குப் போக வேண்டும். இமாம், முஅத்தின் தங்கும் அறை ஜன்னலுக்கு அருகில் அது முடியக் கூடாது. அந்த அறையின் மேலும் கீழும் அடைக்க முடியாத காற்றுத் துவாரங்கள் வேண்டும். குளிர்காற்று வருகிறதே என்று அட்டையை வைத்து அவற்றை மூடுவது பெரிய தவறு.

மலையில் இன்னொரு விஷயமும் உண்டு. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்காகச் சரிசெய்த பர்னர் இங்கே முழுமையாக எரியாது. ஆகவே வாங்கும்போதே ஊரின் உயரத்தைச் சொல்லி, அதற்கேற்ப அமைத்துத் தரச் சொல்லுங்கள். சுடர் நீலமாக நின்றால் நல்லது. மஞ்சளாக எரிந்தாலோ, கரி படிந்தாலோ உடனே நிறுத்தி மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

சிலிண்டர் விஷயம்

வீட்டு இணைப்பில் வாங்கிய 14.2 கிலோ சிலிண்டரைப் பொது இடத்து ஹீட்டருக்கு மாட்டுவது சட்டப்படி குற்றம். 19 கிலோ வணிகச் சிலிண்டருக்கு முறையாக இணைப்புப் பெற வேண்டும். வைத்திருக்கும் கேஸின் மொத்த எடை 100 கிலோவைத் தாண்டினால் உரிமம் தேவை.

சிலிண்டர் வெளியே, தரைமட்டத்தில், நிமிர்ந்த நிலையில் இருக்கட்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவிப் பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். எனவே நிலவறையிலோ கால்வாய் ஓரத்திலோ சிலிண்டர் வைக்கக் கூடாது. ரப்பர் குழாயில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பார்த்து மாற்றுங்கள். இணைப்பில் கசிவு உண்டா என்பதைச் சோப்பு நுரையால் சோதியுங்கள். தீக்குச்சி வேண்டவே வேண்டாம்.

கடுங்குளிரில் சிலிண்டரில் பாதி கேஸ் இருந்தும் சுடர் தணிவதுண்டு. குளிரில் திரவம் வாயுவாக மாறுவது குறைவதே காரணம். இதற்காகச் சிலிண்டரின் மேல் கொதிநீர் ஊற்றுவதும், அடியில் நெருப்பு மூட்டுவதும் விபத்தை அழைப்பதாகும். விநியோகஸ்தர் மூலம் இரண்டு சிலிண்டர்களை ஒன்றாக இணைப்பதே சரியான வழி.

தண்ணீரின் சூடு

தொட்டியுள்ள ஹீட்டரில் கிருமி வளராமல் இருக்கத் தண்ணீரை 60 டிகிரி அளவில் வைக்க வேண்டும். ஆனால் அந்தச் சூட்டில் தண்ணீர் சுமார் 5 விநாடிகள் பட்டாலே பெரியவர்களின் தோல் வெந்துவிடும். குழந்தைகளுக்கு அதற்கும் முன்பே. ஆகவே குழாய்க்கு வரும் முன் குளிர்ந்த நீரைக் கலந்து 40 டிகிரி அளவுக்குக் குறைக்கும் கலப்பு வால்வு அவசியம். உணர்ச்சி குறைந்த பாதமுள்ள சர்க்கரை நோயாளிகளுக்குச் சூடு தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது. தொட்டியில் அழுத்தம் மிகும்போது தானே திறக்கும் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்று அதை யாரும் அடைத்துவிட வேண்டாம். அடைத்தால் தொட்டியே வெடிக்கலாம்.

ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்

நாம் உறங்கும்போது வீட்டில் நெருப்பை எரியவிடக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை, இப்னு உமர் (ரலி) வழியாக புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. கேஸ் ஹீட்டருக்கும் இது பொருந்தாதா? இஷாவுக்குப் பின் ஹீட்டரையும் சிலிண்டர் வால்வையும் மூடி, ஃபஜ்ருக்கு முன் திறக்க ஒருவரை நிர்வாகம் நியமிக்க வேண்டும். எல்லோருடைய பொறுப்பு என்று விட்டால் யாருடைய பொறுப்பும் ஆகாது. முஅத்தினிடம் ஒப்படைத்தால் அவருக்கு முறையாகக் கற்றுக்கொடுத்து, அந்த உழைப்புக்கு ஊதியமும் தர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலம் தொடங்கும் முன், பர்னரையும் புகைக்குழாயையும் சுத்தம் செய்யுங்கள்.

கேஸ் வாடை வந்தால் மின் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வால்வை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியேறுங்கள். வெளியே வந்தபின் 1906 என்ற கேஸ் அவசர எண்ணுக்குப் பேசுங்கள். தீப்பிடித்தால் 101. ஹீட்டர் எரியும் இடத்தில் ஒருவருக்கு மயக்கம் வந்தால், கதவைத் திறந்து அவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். கேஸ் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

செலவு எவ்வளவு?

100 பேர் ஆளுக்கு 3 லிட்டர் வீதம் 15 டிகிரி தண்ணீரை 40 டிகிரியாக்கிப் பயன்படுத்தினால், ஒரு வக்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான கேஸ் ஆகும். ஃபஜ்ருக்கு மட்டும் என்றால் ஒரு வணிகச் சிலிண்டர் ஏறத்தாழ 3 வாரம் வரும். குழாயைத் திறந்துவிட்டு ஆளுக்கு 6 லிட்டர் செலவழித்தால் பாதி நாளில் தீர்ந்துவிடும். நபி (ஸல்) அவர்கள் உளூவுக்குப் பயன்படுத்திய ஒரு முத்து என்பது ஒரு லிட்டருக்கும் குறைவு. சிக்கனம் சுன்னத்தும்கூட.

ஆகவே ஹீட்டர் தர விரும்பும் குடும்பத்தார் மூன்று கேள்விகளை நிர்வாகத்திடம் கேளுங்கள்: புகை எங்கே போகும்? இரவில் யார் அணைப்பார்? ஆண்டுச் சர்வீஸை யார் செய்வார்? மூன்றுக்கும் பதில் கிடைத்தபின் பணம் கொடுங்கள். ஹீட்டர் ஏற்கெனவே இருக்கிறது என்றால், புகைக்குழாய்க்கும் கலப்பு வால்வுக்கும் சர்வீஸுக்கும் தருவதும் அதே ஸதகாதான். உளூச் செய்ய வருபவர்கள் நலமாக வீடு திரும்ப அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.