கணைய மாற்றுக்குப் பின் ஸ்கேன்: இளையவர்களுக்கு எட்டு அறிவுரைகள்

ரேடியாலஜி படிக்க வந்திருக்கும் தம்பி, தங்கைகளே, 1966-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கெல்லியும் லில்லெஹெயும் முதல் கணையத்தைப் பொருத்தினார்கள். உத்திகள் அதன்பின் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனாலும் தொடக்க நாட்களில் கணையம் வீணாவதற்கு முக்கியக் காரணம் இன்றும் ரத்தக்குழாய் அடைப்புதான். அதை டாப்ளர் அல்ட்ராசவுண்டில் பிடிப்பது உங்கள் வேலை.

1. ஆபரேஷன் குறிப்பைப் படிக்காமல் புரோபைத் தொடாதீர்கள். பெரும்பாலும் அடிவயிற்றின் வலப்பக்கம் கணையம் இருக்கும். அதன் இரண்டு தமனிகளைக் கொடையாளியின் இடுப்புத் தமனித் துண்டால் 'ஒய்' வடிவில் இணைத்திருப்பார்கள். சிரையை எங்கே சேர்த்தார்கள் என்று சர்ஜனிடம் கேளுங்கள்.

2. முதல் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். பின்னால் வரும் ஸ்கேன்களை அதோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள்.

3. சிரையை முதலில் தேடுங்கள். தமனியைவிட அங்கேதான் அடைப்பு அதிகம். மண்ணீரல் இல்லாததால் மண்ணீரல் சிரையில் ஓட்டம் மந்தமாக இருக்கும். கணையத்தின் வால் நுனிவரை அதைப் பின்தொடருங்கள்.

4. கலர் வரவில்லை என்றதும் 'அடைப்பு' என்று எழுதிவிடாதீர்கள். வேக ஸ்கேலையும் ஃபில்டரையும் குறையுங்கள், கெயினைக் கூட்டுங்கள். வேகம் அளக்கும்போது டாப்ளர் கோணம் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது.

5. கணையம் வீங்கி, சிரையில் ஓட்டமே இல்லாமல், தமனியில் டயஸ்டோலின்போது ரத்தம் பின்னோக்கிப் போகிறதா? அந்த நிமிடமே சர்ஜனைக் கூப்பிடுங்கள். ரிப்போர்ட்டைப் பிறகு எழுதலாம்.

6. ஆர்.ஐ. (ரெசிஸ்டிவ் இண்டெக்ஸ்) எண்ணை மட்டும் வைத்து, உடல் கணையத்தை நிராகரிக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். சிறுநீரகத்துக்கு உள்ளதுபோல் கணையத்துக்கு இறுக்கமான உறை கிடையாது. அதனால் நிராகரிப்பின்போதும் அந்த எண் உயராமல் இருக்கலாம்.

7. தமனிக்குப் பக்கத்தில் நீர்க்கட்டிபோல் எது தெரிந்தாலும், கலர் போட்டுப் பார்க்காமல் ஊசி குத்த விடாதீர்கள். உள்ளே ரத்தம் சுழன்றால் அது சூடோஅனியூரிசம். குத்தினால் ரத்தம் பீறிடும்.

8. குடல் வாயு மறைத்தால் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். 'நார்மல்' என்று எழுதாதீர்கள். கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்டோ சி.டி. ஆஞ்சியோவோ செய்யச் சொல்லுங்கள்.

சிரை பாதி அடைத்திருக்கும்போதும் ரத்தச் சர்க்கரை சரியாகவே இருக்கலாம். அந்த நிலையில் கண்டுபிடித்தால் ஹெப்பாரின் கொடுத்துக் காப்பாற்ற வழியுண்டு. முழுவதும் அடைத்துவிட்டால் பெரும்பாலும் கணையத்தையே எடுக்க நேரிடும். ஆகவே வார்டிலிருந்து எந்த நேரத்தில் அழைப்பு வந்தாலும், விடியட்டும் என்று சொல்லாதீர்கள்.