அரையிறுதி இல்லாத உலகக் கோப்பை

அன்புள்ள யாழினிக்கு,

2025 நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் வென்று நம் கேப்டன் ஹர்மன்பிரீத் கவுர் மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பையைத் தூக்கியதைப் பார்த்துவிட்டு, “ஆண்களுக்கு இருக்கிறதே என்று பெண்களுக்கும் ஒன்று ஆரம்பித்தார்களா?” என்று கேட்டிருந்தாய். நடந்தது நேர்மாறு. ஆண்களின் முதல் உலகக் கோப்பை 1975இல், பெண்களுடையது 1973இல். இரண்டும் நடந்தது இங்கிலாந்தில்தான். உன் பள்ளி அணியில் எல்லாருக்கும் இதைச் சொல்.

அப்போது இங்கிலாந்து அணியின் கேப்டன் ரேச்சல் ஹேஹோ ஃப்ளின்ட். அவரும் ஜாக் ஹேவர்ட் என்ற செல்வந்தரும் பேசிக்கொண்டிருந்தபோது பிறந்த யோசனை இது. ஹேவர்ட் 40,000 பவுண்டு கொடுத்தார். பணம் வந்துவிட்டது, அணிகளுக்கு எங்கே போவது? இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் உண்டு. மேற்கிந்தியத் தீவுகள் ஒரே அணியாக வரவில்லை, ஜமைக்காவும் டிரினிடாட் டொபாகோவும் தனித்தனியாக வந்தன. அப்படியும் போதாமல் இங்கிலாந்தின் இளம் வீராங்கனைகளைக் கொண்டு ஓர் அணியும், பல நாட்டு ஆட்டக்காரர்களைச் சேர்த்து ஓர் அணியும் அமைத்து ஏழாக்கினார்கள். இந்தியா இல்லை. நம் நாட்டில் மகளிர் கிரிக்கெட்டுக்கென்று சங்கம் உருவானதே அந்த வருஷம்தான்.

முதல் ஆட்டம் ஜூன் 20, ஜமைக்காவுக்கும் நியூசிலாந்துக்கும். மழையில் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. ஆனால் அடுத்த சில நாளிலேயே ஹோவ் மைதானத்தில் இங்கிலாந்தின் லின் தாமஸ் 134, ஈனிட் பேக்வெல் ஆட்டமிழக்காமல் 101. முதல் விக்கெட்டுக்கு மட்டும் 246 ரன்! பேக்வெல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள், பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை, பிள்ளைகளுக்குத் தாய். ஓப்பனிங்கும் இறங்குவார், இடக்கையால் சுழற்பந்தும் வீசுவார்.

இப்போது உன் நோட்டை எடு. அந்தப் போட்டியில் அரையிறுதி, இறுதி என்று எதுவும் கிடையாது. எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை மோதுவார்கள். வென்றால் 4 புள்ளி, மழையால் முடிவில்லாமல் போனால் 1. கடைசி நாளான ஜூலை 28 அன்று எட்ஜ்பாஸ்டனில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதின. நியூசிலாந்திடம் ஒரு தோல்வி கண்டிருந்த இங்கிலாந்துக்கு அன்று காலை 16 புள்ளி. தோற்காத ஆஸ்திரேலியாவுக்கு, ஓர் ஆட்டம் முடிவில்லாமல் போனதால், 17. மழை மட்டும் வந்திருந்தால் ஆளுக்கு ஒரு புள்ளி, கோப்பை ஆஸ்திரேலியாவுக்கு! அட்டவணை போட்டவர்கள் இறுதி ஆட்டம் என்று ஒன்று வைக்கவில்லை, அதுவாகவே அமைந்துவிட்டது. வானம் கைகொடுத்தது. 60 ஓவரில் இங்கிலாந்து 3 விக்கெட்டுக்கு 279. பேக்வெல் 118, கேப்டன் 64. ஆஸ்திரேலியா 9 விக்கெட்டுக்கு 187. ஸ்கோரைப் பார்க்கும்போது புள்ளிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கப் பழகு. அந்த 118இன் கனம் அப்போதுதான் தெரியும்.

உலகக் கோப்பையை வென்ற அந்த அணிக்கு லார்ட்ஸ் மைதானம் திறந்தது 1976இல்தான். எனக்கு இன்னும் இது ஆறவில்லை.

அடுத்தடுத்த போட்டிகளின் வருஷங்களை வரிசையாக எழுதிப் பார்: 1978, 1982, 1988, 1993, 1997. ஆண்களுக்கு 75, 79, 83, 87 என்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வந்தது. இங்கே இடைவெளி ஐந்து, நான்கு, ஆறு, ஐந்து, நான்கு. ஒருவர் மனம்வைத்துக் கொடுக்கும் பணத்தில் ஒரு போட்டியைத் தொடங்கலாம், அதை வருஷக்கணக்கில் நடத்த முடியாது என்பதை இந்த இடைவெளிகள் சொல்கின்றன. 1978இல் இந்தியாவில் நடந்தபோது வந்தவை மொத்தம் நான்கே அணிகள். நாம் ஆடிய மூன்றிலும் தோற்றோம். 1988இல் நம் அணி கலந்துகொள்ளவே இல்லை. இருந்தும் ஆடுகிறவர்கள் விடவில்லை. 1997இல் மும்பையில் டென்மார்க்குக்கு எதிராக ஆஸ்திரேலியாவின் பெலிண்டா கிளார்க் ஆட்டமிழக்காமல் 229 எடுத்தார். சர்வதேச ஒருநாள் ஆட்டத்தில், ஆண் பெண் இரு தரப்பிலும், முதல் இரட்டைச் சதம் அது. சச்சின் 200 அடித்தது 2010இல்.

இந்தியப் பெண் ஒருவரின் முதல் உலகக் கோப்பைச் சதம் யாருடையது தெரியுமா? நம் சென்னைப் பெண் திருஷ் காமினியுடையது. 2013, மும்பை, மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகச் சரியாக 100.

2025இல் கோப்பையை வென்ற அணிக்குப் பரிசு 44.8 லட்சம் டாலர். இந்தப் பணம் யாரோ ஒருவரின் சட்டைப்பையிலிருந்து வந்ததில்லை. சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் முறையாக ஒதுக்கியது. அதனால்தான் உன் வயதுப் பெண் இதை ஒரு வேலையாக நினைத்துப் பயிற்சிக்குப் போக முடிகிறது. லீவுக்கு வரும்போது அந்த 2025 போட்டியின் அரையிறுதியில் ஜெமிமா ரோட்ரிக்ஸ் எடுத்த 127ஐ ஓவர் ஓவராகப் பிரித்து எழுதிக்கொண்டு வா. ஆஸ்திரேலியா வைத்த 339ஐ எந்த ஓவர்களில் விரட்டினார்கள், எங்கே ஒற்றை ஒற்றையாகச் சேர்த்தார்கள் என்று உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் பெரியம்மா