வளைகுடா அலுவலகங்களில் ஆயத்த நிரல்கள்

வேலைநாள் எண்ணுவது, சில்லறையைச் சரிசெய்வது, வங்கிக் கணக்கு எண்ணைச் சரிபார்ப்பது, ஹிஜ்ரி தேதி பார்ப்பது ஆகியவை வளைகுடா நாடுகளின் அலுவலக மென்பொருள்களில் அன்றாடம் வரும் கணக்குகள். எல்லாவற்றுக்கும் பலர் கைபட்டுத் தேறிய ஆயத்த நிரல்கள் இருக்கின்றன. புதிதாக எழுத அவசியமில்லை. ஆனால் எந்த ஊர் வழக்கத்தை மனத்தில் வைத்து அவை எழுதப்பட்டன என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அதிகம் இடறுவது வார விடுமுறையில். 2013இல் சவூதி அரேபியா வியாழன், வெள்ளியிலிருந்து வெள்ளி, சனிக்கு மாறியது. 2022 ஜனவரி 1 முதல் அமீரக அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரைநாள் வேலை, சனியும் ஞாயிறும் விடுமுறை. ஷார்ஜா அரசு அலுவலகங்களுக்கோ வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை. அமீரக அரசின் அறிவிப்பு வந்தது 2021 டிசம்பர் 7இல். நிரலர்களுக்கு ஒரு மாத அவகாசம்கூட இல்லை. எக்செலின் நெட்வொர்க்டேஸ்.ஐஎன்டிஎல் சூத்திரத்தில் திங்களில் தொடங்கும் ஏழு இலக்கங்களால் விடுமுறையைச் சொல்லலாம்: சவூதிக்கு 0000110, ஷார்ஜாவுக்கு 0000111. அந்த ஏழு இலக்கங்களை ஒரே இடத்தில் அமைப்பாக வைத்தால், அரசு மாற்றும் நாளில் அதை மட்டும் திருத்தினால் போதும். அரைநாள் வெள்ளி இந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. அதைத் தனியாகத்தான் கணக்கிட வேண்டும்.

பணத்தில், இரண்டு தசம இடம் என்று எங்கும் எழுதிவிடக் கூடாது. திர்ஹாமுக்கு 100 ஃபில்ஸ்; குவைத், பஹ்ரைன் தினார்களுக்கு 1000 ஃபில்ஸ்; ஓமான் ரியாலுக்கு 1000 பைசா. ஜாவாவின் கரன்சி வகுப்பிடம் நாணயக் குறியைக் கொடுத்துக் கேட்டால் சரியான எண்ணிக்கையைச் சொல்லும்.

அமீரக வங்கிக் கணக்குக்கான ஐபான் எண்ணில் 23 எழுத்துகள். முதல் நான்கைக் கடைசிக்கு நகர்த்தி, ஏ-க்கு 10, இ-க்கு 14 என்று எழுத்துகளை எண்ணாக்கி, 97ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். இவ்வளவு பெரிய எண் சாதாரண முழுஎண் மாறியில் அடங்காது. ஆயத்த நிரலே இங்கே நல்லது. எண்ணின் வடிவம் சரியா என்றுதான் அது சொல்லும்; கணக்கு யாருடையது என்று சொல்லாது.

ஹிஜ்ரிக்கு ஜாவா 8 முதல் உம்முல் குரா நாட்காட்டி உள்ளேயே கிடைக்கிறது. ரமலான் தொடக்கமோ பிறை பார்த்து முடிவாவது. ஒரு நாள் முன்பின் ஆகலாம். அமீரகத் தனியார் துறையில் ரமலானில் தினசரி வேலை இரண்டு மணிநேரம் குறைவதால், ஓவர்டைம் கணக்கு அந்த நாளைப் பொறுத்தது. தொடக்க நாளைக் கையால் மாற்ற ஒரு வழி வைத்தே தீர வேண்டும்.

வரிவிகிதம் மட்டும் எந்த லைப்ரரியையும் நம்பி விடக்கூடியதல்ல. சவூதியில் 2018இல் 5 சதவீதமாகத் தொடங்கிய வாட், 2020 ஜூலை 1 முதல் 15 சதவீதம். பழைய பில்லுக்குப் பொருள் திரும்பி வந்தால் பழைய விகிதத்தில்தான் கழிக்க வேண்டும். ஆகவே விகிதத்தைத் தேதியோடு அட்டவணையில் வைப்பதே சரி.

வெளியிலிருந்து எடுத்த ஒவ்வொரு நிரலின் பெயரையும் பதிப்பு எண்ணையும் குறித்துவைப்பது அடுத்த வேலை. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஆயத்த நிரலின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, அந்தப் பட்டியல் இருந்தவர்களுக்கு எங்கே திருத்துவது என்று உடனே தெரிந்தது. பட்டியல் இல்லாதவர்கள் இந்த வாரமே அதைத் தொடங்கிவிடுங்கள்.